பங்குனி வரைக்கும் ஒரு கொலு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கல்யாணத்தில் சேர்ந்து உட்கார்ந்துவிட்டால், பேச்சு எப்படியும் வாய்ப்பாட்டில் வந்து நிற்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் பொத்தானை அழுத்திப் பார்க்கிறார்கள், நாமெல்லாம் அப்படியா வளர்ந்தோம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உடனே ஆளுக்கொன்றாக எடுத்துவிடுவோம். அரை வாய்ப்பாடு, மாகாணி வாய்ப்பாடு என்று பந்தி போடும் வரைக்கும் ஓடும். நானும் சளைத்தவள் இல்லை. பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு மேலிருந்து கீழும் வரும், கீழிருந்து மேலும் வரும். அடேயப்பா என்பீர்கள். அது எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கல்யாண வீட்டில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

மயிலாப்பூரில் தெப்பக்குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் தெரு. தெரு என்பது கொஞ்சம் மரியாதைக்குச் சொல்வது. இரண்டு ஜட்கா எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னலில் நின்றால் எதிர்வீட்டுக் கூடத்துக் கடிகாரத்தில் மணி பார்க்கலாம். அவர்கள் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம். நாங்கள் காபிக்கொட்டை வறுத்தால் அவர்களுக்கு ஏக்கம் வரும். இவ்வளவு ஒட்டி இருந்த வீடுகளில்தான் காதில் விழாத மாதிரி இருக்க எல்லாரும் பழகியிருந்தோம்.

எதிர்வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். கல்யாணமாகி வந்தவள், முறைக்கு மாமி என்றுதான் நான் கூப்பிட்டிருக்க வேண்டும். "மாமின்னா கிழவியாட்டம் இருக்கு, அக்கான்னே கூப்பிடு" என்று அவளே சொல்லிவிட்டாள். கும்பகோணத்துப் பக்கத்துப் பெண். தகப்பனார் இல்லை, தாயார் தன் தமையன் வீட்டில் இருந்தாள். அக்கா சிரித்தால் மேல்வரிசையில் ஒரு தெற்றுப்பல் தெரியும். அது தெரியக்கூடாது என்று புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். எனக்கு அந்தப் பல்லுக்காகவே அவளைச் சிரிக்க வைக்கப் பிடிக்கும்.

அவள் கணவரை நான் மாமா என்று கூப்பிட்டேன். பீச்சுப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, எந்நேரமும் ஒரு வெற்றிலை மணம். தெருவில் யாருக்கு இங்கிலீஷில் மனு எழுத வேண்டுமானாலும் அவர்தான். ஒரு தம்பிடி வாங்க மாட்டார். என் சித்தப்பாவுக்கு வேலை கிடைத்தது அவர் எழுதிய மனுவால்தான் என்று அப்பா சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். தெருவில் அவரைப் பற்றி ஒரு குறைச்சலான வார்த்தை கிடையாது. இந்த மனிதர் சாயங்காலம் டிராமிலிருந்து இறங்கி வருவார், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், பெண்டாட்டியை அடிப்பார்.

தினமும் இல்லை. தினமும் என்றால் தெருவுக்கே அலுத்திருக்கும். காபி ஆறியிருந்தால் நடக்கும், கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் நடக்கும். ஆரம்பிக்கப் போகிறது என்பது எங்களுக்குத் தெரியும். மற்ற வீட்டு ஆண்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும். அவருக்குக் குரல் தணியும். அப்புறம் ஒரு பாத்திரம் விழும். அக்கா வாய்விட்டு அழமாட்டாள், ஆனால் அடி விழும் சத்தம் இருக்கிறதே, அது துணி துவைக்கிற சத்தம் மாதிரி தெரு முழுக்கக் கேட்கும்.

அப்போது அம்மா தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துவாள். என்னைப் பார்த்து, "வாய்ப்பாடு சொல்லு" என்பாள்.

"எந்த வாய்ப்பாடும்மா?"

"பெரிசா ஏதாவது சொல்லு. உரக்கச் சொல்லு."

எனக்குத் தெரிந்ததில் பெரிது பதினாறு. ஈர்பதினாறு முப்பத்திரண்டு என்று நான் தொடங்கும்போது, பக்கத்து வீட்டுப் பையன்கள் பதின்மூன்றில் இருப்பார்கள். அதற்கப்பால் ஒரு வீட்டில் சரளி வரிசை கேட்கும். அந்த நேரத்தில் எங்கள் தெருவழியாகப் போன வெளியாட்களுக்கு, அடடா, என்ன படிப்பாளித் தெரு என்று தோன்றியிருக்கும்.

அம்மா கெட்டவள் இல்லை. இதை எழுதும்போது அவள் பக்கம் பேச வேண்டும் என்று கை துடிக்கிறது. ஒரு பெண் அடிவாங்குவது வெளியே தெரிந்தால் அவளுக்கு அவமானம், அது தெரியாமல் காப்பாற்றுவது அக்கம்பக்கத்தாரின் கடமை என்று அவள் மனதார நம்பினாள். தெருவே நம்பியது. மறுநாள் அம்மா ஒரு கிண்ணத்தில் பருப்பு ரசம் எடுத்துப்போய்க் கொடுப்பாள். அக்கா கன்னத்தைத் தடவிக்கொண்டு, "அம்மிக்குழவி கை நழுவிடுத்து மாமி" என்பாள். குழவி கைநழுவினால் காலில்தானே விழும் என்று எனக்கே தெரியும். அம்மா, "பார்த்து அரைக்கப்படாதோடி" என்று சொல்லி, மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு வருவாள்.

முந்தின வருஷம் அக்காவுக்கு ஒரு கரு கலைந்துபோயிற்று. 'தங்கலை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அதற்கு முதல் நாள் சாயங்காலம் நான் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லியிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வயது எனக்கில்லை. சேர்த்துப் பார்க்கும் வயதுக்காரர்கள் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள்.

அந்த வருஷம் நவராத்திரி வந்தது. அப்போதெல்லாம் கொலு என்றால் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிரங்குப் பெட்டி, மண்ணெண்ணெய் டின், அரிசிப் பலகை எல்லாம் சேர்ந்து படியாகும். மேலே அப்பாவின் பட்டு வேஷ்டி விரியும். மாட வீதி நடைபாதையில் புதுப்பொம்மை வாங்க வேண்டும், அதற்கு நான் வைக்கோல் பிரித்துப் பார்த்துப் பார்த்துக் கடைக்காரரிடம் திட்டு வாங்க வேண்டும். கீழே மணலைக் கொட்டி, கடுகு விதைத்து, முகம்பார்க்கும் கண்ணாடியைப் புதைத்துக் குளம் என்று சொல்வோம். எங்கள் தெருவுக்கு மின்சார விளக்கு வந்த புதிது. பொம்மைகளுக்கெல்லாம் முகத்தில் எண்ணெய் தடவினாற்போல் ஒரு பளபளப்பு.

வீடுவீடாகப் போய் அழைப்பது பெண்குழந்தைகள் வேலை. எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் இருந்தது. மூடியில் ஒரு மயில், அதற்குக் கொண்டை உடைந்திருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்காத்துல கொலு வெச்சிருக்கோம், வெத்தலை பாக்கு வாங்கிக்க வாங்கோ" என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் ஆண்டாள் வேஷம், ஒரு நாள் கிருஷ்ணன். சிமிழ் கையில் இருந்தால் எந்த வீட்டுக்குள்ளும் கதவைத் தட்டாமல் போகலாம், அந்த நாட்களில் அதுதான் வழக்கம்.

முதல் நாள் எனக்குப் போலீஸ்காரர் வேஷம் போட்டிருந்தார்கள். அப்பாவின் பெல்ட், சிவப்புத் துணியில் தலைப்பாகை, அடுப்புக்கரியில் மீசை. நான் கிளம்பும் நேரத்தில் எதிர்வீட்டில் குரல் தணிந்தது. அம்மா வழக்கம்போல ஜன்னலுக்குப் போனாள். கையை வைத்தவள் சாத்தாமல் நின்றாள். அவளுக்கு என்ன தோன்றியதோ, திரும்பி என்னைப் பார்த்து, "முதல்ல எதிராத்துக்குப் போயிட்டு வா. ஓடு" என்றாள்.

ஓடினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. கூடத்தில் கொலுவுக்கு முன்னால் மாமா அக்காவின் பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் விட்டார். பின்னல் மெதுவாக அவிழ்ந்து தோளில் விழுந்தது.

"அட, கான்ஸ்டபிளே வந்துட்டாரே" என்று சிரித்தார். உள்ளே போய் எனக்குக் கை நிறையக் கற்கண்டு கொண்டுவந்தார். அக்கா குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டாள். அது மூக்குவரைக்கும் இறங்கியது.

அதன்பின் அம்மா தினமும் என்னை அங்கேதான் முதலில் அனுப்பினாள். தெருக்கோடி வீட்டு மாமிக்கும் மற்ற பெண்களுக்கும் அவள் ஏதாவது சொன்னாளா, அவர்களுக்கே தோன்றியதா, தெரியாது. விளக்கு வைத்ததிலிருந்து எதிர்வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் இருந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி பாடினாள், ஒருத்தி பாடியவளின் சுருதியைக் குறை சொன்னாள். மாமா வெற்றிலைப் பெட்டியோடு ஓரத்தில் உட்கார்ந்து எல்லாரையும் வாங்கோ வாங்கோ என்றார். நவராத்திரி முடியும்வரை வாய்ப்பாடு கிடையாது. அக்கா என் மீசையைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வாயை மூடிக்கொள்ள மறந்து தெற்றுப்பல் தெரியச் சிரித்தாள்.

அவளுக்கு அப்போது மறுபடி மூன்று மாதம். தெருவில் ஒருவருக்கும் தெரியாது. போன தடவை முன்கூட்டியே சொன்னதால்தான் கண் பட்டுவிட்டது, இந்தத் தடவை வாயைத் திறக்காதே என்று அவள் தாயார் சொல்லியிருந்தாளாம். பின்னால் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சுண்டலின் பெருங்காய வாசனைக்கு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டதை அம்மா பார்த்திருக்கிறாள். மூன்று பெற்றவள். ஆனால் தன் சுண்டலைக் கேவலப்படுத்தியதாக நினைத்து அவளுக்கு ரோஷம்தான் வந்தது.

விஜயதசமி சாயங்காலம் கடைசித் தடவையாகச் சிமிழோடு போனேன். அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் வருவியோன்னோ?"

"நாளைக்குத்தான் கொலு இல்லையே அக்கா."

"எங்காத்துல இருக்கும். பங்குனி உத்சவம் வரைக்கும் இருக்கும். உங்கம்மாண்ட சொல்லு. எல்லாரையும் வரச் சொன்னேன்னு சொல்லு."

பங்குனி வரைக்கும் தினம் சுண்டல் என்று எனக்கு ஒரே குஷி. வீட்டுக்கு ஓடிவந்து கூடத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். கோடி வீட்டு மாமி, "அப்படியே அறுபத்துமூவரையும் அவாத்துப் படியிலேயே ஏத்திக்கலாமே" என்றாள். கூடம் குலுங்கச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நான் சொன்னதற்குப் பெரியவர்கள் இப்படிச் சிரிக்கிறார்களே என்று நான் இன்னொரு தடவை அக்கா மாதிரியே பேசிக் காட்டினேன்.

விஜயதசமி அன்று ராத்திரி ஒரு பொம்மையையாவது படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எடுத்தாயிற்று. தெருவில் எல்லா வீட்டிலும் எடுத்தாயிற்று. எதிர்வீட்டில் மட்டும் சாயங்காலமானால் கதவு திறந்திருக்கும், படிக்கு முன்னால் விளக்கு எரியும். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தட்டில் வெற்றிலையோடு உட்கார்ந்திருப்பாள். சுண்டல் வாசனை வாசல்வரை வரும். முதல் நாள் இரண்டு பேர் தாட்சண்யத்துக்காகப் போனார்கள். அப்புறம் கோடி வீட்டு மாமி ஒரு சட்டம் போட்டாள்.

"படுக்க வெக்காத பொம்மை ஆத்துக்கு ஆகாது. அங்கே போய் வெத்தலை பாக்கு வாங்கறவாளுக்கும் ஆகாது."

அதோடு சரி. வழக்கம் தெரியாத வெளியூர்ப்பெண் என்றார்கள், இல்லை கொஞ்சம் புத்தி சரியில்லை என்றார்கள். பாவம், அந்த மனுஷர் என்ன பாடு படுகிறாரோ என்று மாமாவுக்காக இரக்கப்பட்டார்கள். என்னையும் போகக்கூடாது என்றார்கள். அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தால் கையை ஆட்டுவாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடிய நாளிலும் விளக்கேற்றிவைத்து, யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சுண்டல் செய்துவைத்து, நம் வழக்கத்துக்குள்ளேயே நின்று கூப்பிட்டாள். மானம் போகாமல் கூப்பிட அவளுக்கு வேறு வழி கிடையாது. எங்கள் தெருவில் இருந்தவர்கள் வடமொழிச் சுலோகத்துக்கு அர்த்தம் சொல்லக்கூடியவர்கள், ராகத்தில் ஒரு சுரம் தப்பினால் கண்டுபிடிக்கிறவர்கள். அவர்களுக்கு இது புரியவில்லை. பொம்மையை எடுக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது.

கடைசியில் கோடி வீட்டு மாமி அம்மாவிடம், "நீதான் எதிராத்துல இருக்கே. நாலு நல்ல வார்த்தை சொல்லு" என்றாள். ஒரு நாள் மத்தியானம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கையில் பழைய வேஷ்டி, ஒரு கட்டு வைக்கோல்.

"இருக்கட்டுமே மாமி" என்றாள் அக்கா.

"தெரு சிரிக்கறதுடி. ஆபீஸ்லேர்ந்து வர மனுஷனுக்குத் தினம் தினம் இதைப் பார்த்தா கோவம் வராதா? எடுத்துட்டா உனக்கும் நிம்மதி."

அம்மா இதை நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அந்தப் பொம்மைகளால்தான் அவள் அடிவாங்கப் போகிறாள் என்று பயந்தாள். அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் துணியில் சுற்றினாள், நான் வைக்கோல் பிரித்துக் கொடுத்தேன். தசாவதாரம் போயிற்று, வாத்தியக்காரர்கள் போனார்கள். கடைசிப் படியில் செட்டியார் பொம்மை மட்டும் இருந்தது. முன்னால் அரிசி பருப்புக் கடை பரப்பி, தொந்தியோடு உட்கார்ந்திருக்குமே, அது. அம்மா அதை எடுக்கப்போனபோது அக்கா அதன்மேல் கையை வைத்தாள்.

"செட்டியார் மாத்திரம் இருக்கட்டுமே மாமி. செட்டியாரைப் பார்க்கணும்னு சொல்லிண்டாவது யாராவது வருவா."

அம்மா சிரித்துவிட்டாள். "போடி அசடே" என்று அவள் கையை எடுத்துவிட்டு, செட்டியாரையும் வைக்கோலில் புதைத்துப் பெட்டியை மூடினாள்.

சாயங்காலம் மாமா வந்து காலிப் படியைப் பார்த்தார். "அப்பாடா, ஒரு வழியா எடுத்தாச்சா" என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. அம்மா அப்பாவிடம், "பாருங்கோ, எவ்வளவு சந்தோஷம் அவருக்கு" என்றாள். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி அவள் முகத்தில் இருந்தது.

தீபாவளி நெருங்கியது. ஒரு சாயங்காலம் மறுபடி எதிர்வீட்டில் குரல் தணிந்தது. எதற்கென்று தெரியாது, காபியாக இருக்கலாம். நான் அலமாரியிலிருந்து சிமிழை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அம்மா வந்து கையைப் பிடித்தாள்.

"எங்கே போறே?"

"அக்காவாத்துக்கு."

"கொலுதான் முடிஞ்சாச்சே. என்னன்னு சொல்லிண்டு போவே?"

"ஒண்ணும் சொல்லாம சும்மா போறேன்."

"சும்மா ஒருத்தராத்துக்குள்ள நுழையறதாவது" என்றாள் அம்மா. என் கையிலிருந்து சிமிழை வாங்கி அலமாரியில் வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் வாய்ப்பாடு சொன்னேன். பக்கத்து வீட்டில் பதின்மூன்று கேட்டது. அன்றைக்கு ரொம்ப நேரம் சொல்ல வேண்டியிருந்தது, முடிந்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

காலையில் எதிர்வீட்டு வாசலில் ஜட்கா நின்றது. மாமாவும் அம்மாவும் அக்காவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். புடவையை மூன்று சுற்றுச் சுற்றியும் பின்னால் கறை தெரிந்தது. படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மாமா யாரும் கேட்காமலே சொன்னார். ஜட்காக்காரர் புல்லைப் பரப்பி மேலே கோணி விரித்தார்.

"மெதுவா குந்த வைம்மா. இன்னா, ஆஸ்பத்திரிக்குத்தானே? குலுக்காம போறேன்." அம்மா ஏற்றிவிட்டு இறங்கியதும் அவர் அப்பாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னா சாமி பண்றது. வூட்டுக்கு வூடு கீறதுதான்."

அப்பா ஜட்காக்காரர்களோடு பேரம் தவிர வேறு பேசி நான் பார்த்ததில்லை. அன்று, ஆமாம் என்று தலையாட்டினார்.

குழந்தை போய்விட்டது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லித்தான் மாதக்கணக்கு தெரிந்தது. வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். "பங்குனி" என்றாள். அப்பா என்ன என்று கேட்டார். "பங்குனின்னாளே. குழந்தை வாயால சொல்லியனுப்பினாளே" என்று சொல்லி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்போதும் சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்றுதான் அடைத்துக்கொண்டாள்.

அக்கா வீடு திரும்பியதும் தெருப்பெண்கள் எல்லாரும் விசாரிக்கப் போனார்கள். துக்கம் கேட்க அழைப்பு வேண்டியதில்லை, நம்மில் அது ஒரு சௌகரியம். ஒருத்தி ஆரஞ்சு கொண்டுவந்தாள், ஒருத்தி கஞ்சி. கோடி வீட்டு மாமி முதலில் போய் உட்கார்ந்தாள். படி இருந்த இடம் காலியாக இருந்தது, அந்த இடத்தில் பாய் விரித்து அக்காவைப் படுக்கவைத்திருந்தார்கள். கூடம் கொள்ளாமல் நடைவரைக்கும் பெண்கள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எல்லாரும் வந்திருக்கேளே" என்றாள். "கொலுவை எடுத்தாச்சே மாமி."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. கோடி வீட்டு மாமி ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தாள், உரித்த சுளையை யாருக்கும் கொடுக்கவில்லை.

மறுநாள் விளக்கு வைத்ததும் அம்மா தெருவைக் கடந்தாள். கையில் சிமிழ் இல்லை, ரசக் கிண்ணம் இல்லை. நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு போனேன். மாமா கதவைத் திறந்தார்.

"வாங்கோ. என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லை. சும்மாத்தான்" என்றாள் அம்மா. அவள் குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. உள்ளே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும் போனாள். ஒரு வாரம் கழித்துக் கோடி வீட்டு மாமியும் வந்தாள், சட்டம் எதுவும் போடாமல் அப்பளமாவு பிசைந்தாள். கார்த்திகையில் போனார்கள், மார்கழியில் போனார்கள். அந்த நாட்களில் தெருவில் வாய்ப்பாடு கேட்கவில்லை. மாமா எங்களைக் கண்டால் உள்ளறைக்குப் போய்விடுவார், ஒருநாள் அப்பாவிடம், "உங்காத்துல வேலையே இல்லையா ஸார்" என்று கேட்டார். அப்பா அதை அம்மாவிடம் வந்து சொன்னார். அம்மா, "இல்லைன்னு சொல்லுங்கோ" என்றாள். அவ்வளவு சுலபமாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

தை பிறந்ததும் மாமா தியாகராயநகரில் வீடு பார்த்துவிட்டார். அங்கே அப்போதுதான் மனைமனையாக வீடுகள் வந்துகொண்டிருந்தன. தனி வீடு, சுற்றிலும் மதில், தோட்டம், அடுத்த வீடு கத்தினால் கேட்கிற தூரம் இல்லை. எங்கள் தெரு மூக்கில் விரல் வைத்தது. காற்றோட்டமான இடம், கொடுத்துவைத்தவள் என்றார்கள். கொடுத்துவைத்தவள் ஜட்காவில் ஏறுமுன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் கட்டை வண்டியில் பொம்மைப்பெட்டி ஏறிவிட்டது, செட்டியாரும் அதற்குள்தான்.

"அங்கேயும் அக்கம்பக்கத்துல மனுஷா இருப்பாடி" என்றாள் அம்மா.

அக்கா சரி என்று தலையாட்டினாள். அப்புறம் அவளை நாங்கள் பார்க்கவில்லை. அம்மா தியாகராயநகர் போகவேண்டும், போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டிராம் அங்கே போகவில்லை, அப்பாவுக்கு ஒழியவில்லை, எனக்குப் பரீட்சை, தம்பிக்கு அம்மை. போகாமலே இருந்துவிட்டோம். அம்மா காலமானபிறகு அந்தச் சிமிழைப் பெட்டி பெட்டியாகத் தேடினேன், அகப்படவில்லை.

உங்களில் சிலர் அந்த வருஷங்களில் தியாகராயநகரில் வளர்ந்தவர்கள். சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஜரிகைத் தலைப்பாகைக்காரர் ஒருவர் உங்கள் வீட்டுக்கும் இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்திருக்கலாம். தெற்றுப்பல் தெரியச் சிரிக்கிற அவர் மனைவியை நீங்களும் அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம். அடுத்த கல்யாணத்தில் வாய்ப்பாட்டுப் பேச்சு எழும்போது உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டு உங்களை எந்த வாய்ப்பாடு சொல்லச் சொன்னார்கள்?